உறையின் மேல் என் பெயர்

பலெர்மோ, கபோ
12.02.1994

அன்புத் தம்பி எமிலியானுஸுக்கு,

மடு மாதாவின் தயவால் இங்கே எனக்குக் குறையொன்றும் இல்லை. அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? உப்பைக் குறைக்கச் சொல். சொன்னால் கேட்க மாட்டா என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் சொல்.

வேலை மாறிவிட்டேன். மொண்டெல்லோக் கடற்கரையில் கோப்பை கழுவியது கோடையோடு முடிந்தது. இப்போது ஒரு கிழவரைப் பார்க்கிறேன். பெயர் தோர்ப். சாதியில் இங்கிலீசுக்காரர், பிறந்தது வளர்ந்தது இந்தப் பலெர்மோவில். எண்பத்தாறு வயது. குளிக்க வார்க்க வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், நடக்கும்போது கக்கத்தில் கை கொடுக்க வேண்டும். வாய்க்கு மட்டும் ஒருவரும் கை கொடுக்கத் தேவையில்லை. அப்படிக் கதைக்கிறார்.

கதை முழுக்கத் தகப்பனைப் பற்றித்தான். ஆல்பர்ட் தோர்ப். இங்கிலாந்தில் சம்பளத்துக்குப் பந்தடித்த முதல் ஆட்களில் ஒருவனாம். உன்னைப் போலவே பின்வரிசையில் வலது பக்கம், றைற் பாக். பத்து வயதில் பஞ்சாலைக்குள் போனவன், இருபத்தொன்றில் ஊர்க் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடினான். அந்தக் காலத்தில் பின்வரிசைக்கு இரண்டே பேர். மழையில் நனைந்தால் பந்து கல்லாகிவிடும், தலையால் அடித்தால் பந்தைக் கட்டியிருக்கிற வார் நெற்றியைக் கிழிக்கும். பெனால்டி என்று ஒன்று இருக்கவில்லை. ஒருமுறை கோலுக்குள் போக இருந்த பந்தைக் கையால் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றானாம். நீயும் இதைத்தான் செய்வாய்.

ஒன்று மறக்காதே. உறையில் உன் பெயரையே எழுது. ஜோக்கிம் என்று எழுதினால் கடிதம் திரும்பிவிடும். தபால் வாங்கி வைக்கிற கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவுக்கு ஜோக்கிம் என்று ஒருவனைத் தெரியாது.

அன்பு அண்ணன்
ஜோக்கிம்

பேசாலை, மன்னார்
20.03.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இந்த நாட்டில் அதற்கு மேல் சுகம் கேட்பது பேராசை. அம்மாவுக்குக் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது, உப்பும் அப்படியே.

உறையில் என் பெயரை எழுதித்தான் அனுப்புகிறேன். எனக்கு நானே கடிதம் எழுதுகிறேன் என்று தபால்கந்தோரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இனி அலுவல். கொழும்புக் கிளப் ஒன்று என் ஆட்டத்தைப் பார்த்து எடுத்திருக்கிறது. ஓகஸ்டில் மாலைதீவுக்குப் போகிறார்கள். பதினாறு பேரில் நானும் ஒருவன். பாஸ்போட் எடுக்க ஏர்னஸ்ற் மாஸ்டரும் நானும் கொழும்புக்குப் போனோம். நம்முடைய பள்ளிக்கூடத்துப் பந்தடி மாஸ்டர்தான், ஞாபகமிருக்கும். லிகிதர் என் பிறப்புப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியில் வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். மாஸ்டர் எனக்குத் திருப்பிச் சொன்னார்: "தம்பி, நீர் நாலு வருசத்துக்கு முந்தியே வெளிநாடு போயிட்டீராம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உங்களைச் சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துப் பெயரைப் பதிந்துவிட்டு விட்ட பிறகு உங்கள் பெயரில் பாஸ்போட் எடுக்க வழியில்லை என்றுதான் என் பிறப்புப் பத்திரத்தைத் தந்தோம். எனக்கு அப்போது பதினேழு வயது. ஒரு வருசம் என்றீர்கள். போய்ச் சேர்ந்ததும் உண்மையைச் சொல்லி உங்கள் பெயருக்கு மாறுவேன், பாஸ்போட்டைத் திருப்பி அனுப்புவேன் என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சொன்னீர்கள்.

அந்தப் பாஸ்போட்டை அனுப்புங்கள். மிச்சத்தை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். ஜூலைக்குள் வேண்டும்.

அன்புத் தம்பி
எமிலியானுஸ்

பலெர்மோ, கபோ
02.06.1994

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்துக் கனநாள். கிழவருக்கு நெஞ்சில் சளி, நேரமே கிடைக்கவில்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மாலைதீவு அணியில் சேர்த்தது கேட்டுத் தலைகால் தெரியாத சந்தோசம். கிழவருக்கும் சொன்னேன். "பின்னுக்கு விளையாடுறவனுக்கு ஒருத்தரும் கைதட்ட மாட்டினம், உன்ர தம்பிக்குச் சொல்லு" என்றார்.

அவருடைய தகப்பனின் கதையைக் கேள். ஆறு வருசம் நன்றாக ஆடினான். எட்டு மாதம் சம்பளம், வெயில் காலத்தில் அரைச் சம்பளம். ஏழாம் வருசம் குறைத்தார்கள். முடியாது, வேறு கிளப்புக்குப் போகிறேன் என்றான். அப்போதுதான் ஒரு சட்டத்தைக் காட்டினார்களாம். கிளப்பில் ஒருமுறை பெயர் பதிந்தால் அந்தப் பெயர் கிளப்புக்குச் சொந்தம். ஒவ்வொரு வருசமும் செயலாளர் ஒரு பட்டியல் எழுதுவார். அதில் பெயர் இருக்கும்வரை வேறு எங்கும் ஆட முடியாது. சம்பளம் கொடுக்காமலே வைத்திருக்கலாம். அவனும் விறைத்தவன், கையெழுத்து வைக்கவில்லை. இரண்டு மாரி வெளியில் நின்று வேலிக்கு மேலால் ஆட்டம் பார்த்தான். கேட்க எனக்கே மனம் கொதித்தது.

பாஸ்போட் விசயம். புரட்டாதியில் குவெஸ்தூராவில், இங்கத்தைய பொலிஸ் கந்தோரில், என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டும். இங்கே நிற்கிற அனுமதிக் கடதாசி அதுதான். புதுப்பிக்கப் பாஸ்போட்டைக் கையில் காட்ட வேண்டும். அது முடியட்டும். அவசரப்பட்டால் இரண்டும் போய்விடும்.

இங்கே உலகக் கிண்ணத்துக்கு இப்போதே கொடி கட்டிவிட்டார்கள்.

அண்ணன்
ஜோக்கிம்

பேசாலை
05.08.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

அணி நேற்றுப் புறப்பட்டது. என் இடத்தில் சுஜீவன் போயிருக்கிறான். இடது காலால் பந்தை நிறுத்தத் தெரியாதவன். பாவம், அவன்மேல் என்ன பிழை? அவனுடைய பெயர் அவனிடம் இருக்கிறது.

கிழவருடைய தகப்பனின் கதையை மாஸ்டருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்களுக்கு மனம் கொதித்ததாம். பட்டியல் எழுதுகிற அந்தச் செயலாளர் யார், எந்த ஊர் என்று கிழவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். பேசாலையில் பிறந்தவன், ஆறடி உயரம், நெற்றியில் வெட்டுக் காயம் இருக்கும்.

புரட்டாதி என்றீர்கள். புரட்டாதி வரை பொறுக்கிறேன்.

எமிலியானுஸ்

பலெர்மோ
18.12.1994

அன்புத் தம்பிக்கு,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வையும் உனக்குப் பந்தடிக்கிற பூட்ஸும் பார்சலில் வருகின்றன. பூட்ஸ் இத்தாலியில் செய்தது. போட்டுப் பார்த்து எழுது.

பெர்மெஸ்ஸோ புதுப்பித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு வருசம். இதைக் கேட்டு நீ கோபப்படுவாய். கிழவரிடம் முழு உண்மையையும் சொல்லிவிட்டேன். அவர் தனக்குத் தெரிந்த ஒரு அவ்வொக்காத்தோவிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார், அதுதான் சட்டத்தரணி. அவன் சொன்னான், உண்மையைச் சொன்னால் சில வேளை மன்னிப்பார்கள், சில வேளை பிளேனில் ஏற்றிவிடுவார்கள், எது என்று தன்னால் சொல்ல முடியாது என்று. திரும்பி வரும்போது கிழவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். யோசிக்கிறேன், தம்பி. உண்மையாகவே யோசிக்கிறேன்.

ஆல்பர்ட் தோர்ப் கடைசியில் கோபத்தில் கப்பலேறிப் பலெர்மோவுக்கு வந்துவிட்டான். துறைமுகத்தில் இங்கிலீசுக் கொம்பனிப் பண்டகசாலையில் மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலை. ஞாயிறுகளில் இங்கத்தைய பெடியளுக்குப் பந்தடி காட்டினான். அவன் இஞ்சை வந்த பிறகும் அந்தக் கிளப் வருசா வருசம் பட்டியலில் அவன் பெயரை எழுதிக்கொண்டே இருந்ததாம்.

இனிக் கபோ முகவரிக்கு எழுத வேண்டாம். ஒரேத்தோவில் ஒரு வீடு எடுக்கிறேன், முகவரி பின்பக்கத்தில். இங்கே தமிழ்ப் பூசையில் நல்ல கூட்டம். ஊர்காவற்றுறைப் பிள்ளை ஒன்று, அற்புதமலர் என்று பெயர், நன்றாகப் பாடுவா. நம்முடைய ஊர் ஆட்கள் ஒருவரும் இல்லை. அதுவும் ஒருவகையில் நல்லதுதான்.

அண்ணன்
ஜோக்கிம்

பேசாலை
26.02.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

இம்முறை உண்மையாகவே நல்ல சுகம். சால்வையை அம்மா இந்த வெயிலிலும் போர்த்திக்கொண்டு கோவிலுக்குப் போகிறா. பூட்ஸ் ஒரு அளவு பெரிது. கடதாசி அடைத்துப் போடுகிறேன்.

கோபம் எனக்குக் குறைந்துவிட்டது. அதற்குக் காரணம் மொனிகா. வலைவாடி அம்பலவாணரின் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, நீங்கள் போகும்போது இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போனவள். தகப்பன் முதலில் "பந்தடிக்கிறவனுக்குப் பிள்ளையைக் குடுத்து என்னத்தைச் சமைக்கிறது" என்று கேட்டார். மாஸ்டர் போய்க் கதைத்தார். எனக்கு மீன்பிடிச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்ததும் சம்மதித்துவிட்டார். பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு கலியாணம்.

வெளிநாடும் வேண்டாம், பாஸ்போட்டும் வேண்டாம். என் பெயரை நீங்களே வைத்திருங்கள். இங்கே எனக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. மனதார எழுதுகிறேன், குத்தலாக எடுக்க வேண்டாம். வர முடியாது என்று தெரியும். நாலு வரி வாழ்த்து எழுதுங்கள், கலியாண வீட்டில் வாசிப்போம்.

அன்புத் தம்பி
எமிலியானுஸ்

பேசாலை
02.05.1995

அண்ணா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்க வேண்டும். அதற்கு ஞானஸ்நானப் பதிவு பார்க்கப் பங்குச் சுவாமியிடம் மொனிகாவும் தகப்பனும் நானும் போனோம். புதுச் சுவாமி, ஜனவரியில் மாறி வந்தவர், ஊர் ஆட்களை இன்னும் தெரியாது. பெரிய புத்தகத்தை விரித்து என் பெயரைத் தேடிப் பிடித்தார். விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனார். அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னார்: "தம்பி, உமக்கு ஜனவரி இருபத்தெட்டிலை கலியாணம் முடிஞ்சுது."

என் பெயருக்கு நேரே, ஓரத்தில், அவருடைய கையெழுத்தில்: பலெர்மோ, அற்புதமலர். அங்கத்தைய கோவிலிலிருந்து அறிவித்தல் வந்ததாம், முறைப்படி குறித்தாராம். பழைய சுவாமியிடம் போன கார்த்திகையில் என் ஞானஸ்நானப் பத்திரமும் கலியாணம் ஆகாதவன் என்ற கடிதமும் தபாலில் எடுத்திருக்கிறாய். மார்கழியில் எனக்கு எழுதும்போது அவள் நன்றாகப் பாடுவாள் என்று மட்டும் எழுதினாய்.

மொனிகாவின் தகப்பன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். அம்மாவுக்கு இரவோடு இரவாகத் தெரிந்துவிட்டது. உனக்குக் கலியாணம் என்று சந்தோசப்படுவதா, எனக்குக் கலியாணம் என்று அழுவதா என்று தெரியாமல் இருக்கிறா.

நடந்ததைச் சுவாமியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், நம்புகிறார். ஆனால் புத்தகத்தில் வெட்ட அவருக்கு அதிகாரம் இல்லை. நீ மன்னார் ஆயர் ஆண்டகைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் ஜோக்கிம், எமிலியானுஸ் அல்ல, பலெர்மோவில் கலியாணம் முடித்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அங்கேயும் விசாரிப்பார்கள் என்று சுவாமி சொன்னார். விசாரிக்கட்டும்.

பாஸ்போட்டைக் கேட்டேன், விட்டுவிட்டேன். இதை விட மாட்டேன்.

எமிலியானுஸ். நான்தான், உண்மையானவன்.

பேசாலை
30.06.1995

அண்ணா,

இரண்டு மாதம். பதில் இல்லை. அம்மாவுக்குச் சுகமில்லை, படுக்கையில் இருக்கிறா. உன்னைக் கேட்கிறா.

மொனிகா என்னை நம்புகிறாள். தகப்பனோடு சண்டை பிடித்துத் தவணை வாங்கியிருக்கிறாள். மார்கழி வரை. அதற்குள் ஆண்டகையிடமிருந்து கடதாசி வராவிட்டால் தலைமன்னாரில் ஒரு வாத்தியாருக்குப் பேசி வைத்திருக்கிறார்கள்.

நாலு வரி. வேறொன்றும் கேட்கவில்லை.

எமிலியானுஸ்

பலெர்மோ, ஒரேத்தோ
25.07.1995

தம்பி,

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. என்ன வருத்தம் என்று விவரமாக எழுது.

கிழவர் போன மாதம் செத்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் இருந்தேன். சாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முன் பெட்டியைத் திறந்து தகப்பனுக்குக் கிளப்பிலிருந்து வந்த கடைசிக் கடதாசியைக் காட்டினார். பட்டியலிலிருந்து உமது பெயரை எடுத்துவிட்டோம், இனி நீர் விரும்பிய கிளப்பில் ஆடலாம் என்று இரண்டு வரி. அது வந்தபோது ஆல்பர்ட் தோர்ப்புக்கு முப்பத்தெட்டு வயது. முழங்கால் மடங்காது. கடதாசியை வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் பண்டகசாலைக்கு வேலைக்குப் போனானாம். "அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கேல்லை" என்றார் கிழவர். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் என்னத்தை மறைக்க? எனக்குப் பயம், தம்பி. இவளுக்கு ஒன்றும் தெரியாது. எமிலியானுஸ் என்றுதான் கூப்பிடுகிறாள். வாயைத் திறந்தால் வீடு, வேலை, இவள் எல்லாம் போய்விடும். ஆண்டகைக்கு எழுத உட்காருவேன், எழும்புவேன். நான் கெட்டவன் இல்லை. கெட்டவனாகவே நினைத்தாலும் நினை.

ஜோக்கிம்

பலெர்மோ, ஒரேத்தோ
10.09.1995

அன்பும் மரியாதையும் உள்ள ஜோக்கிம் அத்தானுக்கு,

நான் அற்புதமலர், உங்கள் தம்பியின் மனைவி. நான் சுகமாக இருக்கிறேன். மாமி எழும்பி நடக்கிறாவா? முகம் தெரியாமல் எழுதுவதற்கு மன்னியுங்கள். நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

ஒரு சந்தோசம் சொல்ல வேண்டும். மாசியில் எங்களுக்குப் பிள்ளை பிறக்கும். இவர் அதைக் கேட்டு அழுதார். சந்தோசத்தில் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சாப்பாடு இறங்குவதில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்டால், "அண்ணான்ர கலியாணம் என்னாலை நிண்டு போச்சு" என்கிறார். எப்படி என்று கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

போன கிழமை உடுப்பு மடித்து வைக்கும்போது அலுமாரி லாச்சிக்குள் ஒரு கடிதம் கண்டேன். உறையை மூடி, முத்திரையும் ஒட்டியிருக்கிறது. மன்னார் ஆண்டகைக்கு என்று முகவரி. உறையின் பின்பக்கத்தில் ஆவணி முதலாம் திகதி என்று எழுதியிருக்கிறார். கேட்டேன். "அது அண்ணான்ர அலுவல், தொடாதை" என்றார். போடவும் மாட்டார், கிழிக்கவும் மாட்டார்.

ஆண்டகைக்கு எழுதியதைப் பிரித்துப் பார்ப்பது பாவம், நான் பிரிக்கவில்லை. ஆனால் அது உங்கள் கலியாணத்துக்கு வேண்டிய கடிதம் என்று விளங்குகிறது. என் வீட்டு வாசலில் தபால் பெட்டி இருக்கிறது. நீங்கள் போடச் சொன்னால் அன்றைக்கே போட்டுவிடுவேன். இவர் என்னை ஏசினாலும் பரவாயில்லை. உங்கள் நல்ல காரியம் எங்களால் தடைப்படக் கூடாது. வேண்டாமென்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு வரி எழுதினால் போதும்.

மாமிக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்புள்ள
அற்புதமலர் எமிலியானுஸ்

பேசாலை
08.10.1995

அன்புள்ள தங்கச்சி அற்புதமலருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளை வரப்போகிற செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழும்பி இருந்து கஞ்சி குடித்தா. அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாரம் தூக்க வேண்டாம், மாடிப்படி கவனம்.

பதில் எழுத ஒரு கிழமை எடுத்தது. இரண்டு விதமாக எழுதினேன். முதல் எழுதியதில் போடுங்கள் என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு தபால்கந்தோர் வரை போய்த் திரும்பி வந்தேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு உங்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

அந்தக் கடிதத்தைப் போட வேண்டாம். பிரிக்கவும் வேண்டாம். அடுப்பில் வையுங்கள். அது பழைய அலுவல், இப்போது தேவையில்லை.

என் கலியாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மொனிகா என்று ஒரு பிள்ளை. நேற்று வந்து உங்கள் கடிதத்தையும் நான் அதுவரை எழுதியிருந்த பதிலையும் வாசித்தாள். இரண்டையும் மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மார்கழியில் அவளுக்குத் தலைமன்னாரில் கலியாணம்.

அவனிடம் ஒன்று சொல்லுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுதட்டும், நான் வாசித்துக் காட்டுவேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாம், நான் மன்னிக்கவில்லை. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள மாட்டீர்கள், அவன் விளங்கிக்கொள்வான்.

எமிலியானுஸை நன்றாகப் பாருங்கள், தங்கச்சி. அவனைப் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். நல்ல பெடியன். நன்றாகப் பந்தடிப்பான். ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவன்.

இப்படிக்கு,
அண்ணன்
ஜோக்கிம்